கீழே ஓடிய எழுத்துகள்

1

பலேர்மோவில் இருக்கிறேன் என்று ஊருக்கு எழுதினால் பதில் கடிதத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: அங்கே மாஃபியாக்காரரைக் கண்டாயா? பத்து வருடமாக ஒரே பதிலைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். காணவில்லை. கண்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. நான் இங்கே அதிகம் கண்டது யப்பான்காரரை. நாலு வருடம், கிழமையில் ஐந்து நாள், பின்னேரம் மூன்று மணி தொடக்கம் ஐந்து மணி வரை, அவர்கள் பாயில் இருந்து தேநீர் குடிப்பதைப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. சம்பளத்தோடு.

அந்த வேலையின் விளைவு போன வியாழக்கிழமை ஒரு புத்தகமாக அச்சாகி வந்தது. ஒரு யப்பான் சினிமா இயக்குநரைப் பற்றிய இத்தாலியப் புத்தகம். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருக்கிறது. சிவபாதசுந்தரம் என்பதை அச்சகத்தார் எங்கோ நடுவில் இரண்டு எழுத்து விழுங்கிப் போட்டிருக்கிறார்கள். மகளின் பெயர் சரியாக வந்திருக்கிறது.

இயக்குநரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் புத்தகத்தைக் கண்டுபிடிப்பீர்கள். புத்தகத்தைக் கண்டுபிடித்தால் எழுதியவரைக் கண்டுபிடிப்பீர்கள். அவர் ஒருவரிடமும் சொல்லாதே என்று எனக்குச் சொன்ன விஷயம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன். அவர் தமிழ் வாசிக்கமாட்டார் என்ற தைரியம்தான்.

2

ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். இங்கே வந்து முதல் ஆறு வருடம் மொண்டெல்லோவில் கடற்கரைக் கதிரை விரித்தேன், துறைமுகத்தில் பெட்டி இறக்கினேன், ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகுதான் பொலித்தேயாமா அரங்குக்குக் கிட்ட, மூன்றாம் மாடியில் தனியே இருந்த ஒரு கிழவரின் வீட்டு வேலை கிடைத்தது. சமைக்க வேண்டும், கூட்டித் துடைக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதைத்தான். ஊருக்கு எழுதும்போது ‘கொம்பனி’ என்று எழுதுவோம்.

எல்லாரும் அவரைப் புரொபெஸோரே என்றுதான் கூப்பிடுவார்கள். மேல் வகுப்புகளுக்கு இலக்கியம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இளவயதில் அந்த இயக்குநரின் ஒரு படத்தைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அந்தக் கட்டுரைதான் அவருக்குப் பெயர் கொடுத்தது. அதன் பலத்தில் நாற்பது வருடம் கூட்டங்களில் பேசினார். ஓய்வு பெற்ற பிறகு முழுப் புத்தகம் எழுதலாம் என்று இருந்தபோது கண் போய்விட்டது. முழுக் குருடு இல்லை. நடுவில் இருட்டு, ஓரத்தில் வெளிச்சம். என்னைப் பார்த்துக் கதைத்தால் என் காது தெரியும், முகம் தெரியாது என்பார்.

எனக்கு முதல், படங்களைப் பார்த்து அவருக்குச் சொல்ல ஒரு பல்கலைக்கழக மாணவி வந்துகொண்டிருந்தாள். அவள் திரையைப் பார்த்து ‘தனிமை’ என்பாள், ‘காலத்தின் வெறுமை’ என்பாள். ஒரு நாள் நான் கோப்பி கொண்டுபோனபோது புரொபெஸோரே கோபத்தோடு என் பக்கம் திரும்பி, “சிவா, நீ சொல். இப்போது என்ன தெரிகிறது?” என்றார்.

நான் பார்த்தேன். “கேத்தில். கதவு. இரண்டு செருப்பு. ஆள் இல்லை” என்றேன்.

அந்தக் கிழமையோடு மாணவியின் வேலை முடிந்தது. “உன்னிடம் பெயர்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது,” என்று புரொபெஸோரே எனக்கு விளக்கினார். “இந்த இயக்குநருக்கு அது போதும்.” உண்மைதான். என் இத்தாலியன் சந்தையிலும், சமைக்கிற குசினியிலும் படித்தது. வினைச்சொல்லுக்கு வால் வைக்க எனக்கு இன்றைக்கும் வராது. அந்தக் குறைக்காக வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

3

அந்த மனிதரின் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அவர் கமராவை நிலத்தில் வைப்பார். சம்மணம் கொட்டியிருக்கும் ஒருவரின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரம். வைத்தால் வைத்ததுதான், நகர்த்தமாட்டார். ஆட்கள் வருவார்கள், இருப்பார்கள், எழும்பிப் போவார்கள், கமரா அங்கேயே கிடந்து வெறும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு பேர் கதைத்தால் ஒருவர் முகம், பிறகு மற்றவர் முகம். இருவரும் நேரே எங்களைப் பார்த்துத்தான் கதைப்பார்கள். முதல் மாதம் எனக்குக் கூச்சமாக இருந்தது, ஏதோ நான் பதில் சொல்லவேண்டும் என்பதுபோல. ஒரு காட்சிக்கும் அடுத்ததுக்கும் இடையில் கொடியில் காயும் உடுப்பு, புகைக்கூண்டு, ஓடும் ரயில்.

தொடக்கத்தில் அவர் பேசாப் படக்காலத்தில் மாணவர்களின் சேட்டைகளை வைத்துச் சிரிப்புப் படங்கள் எடுத்தாராம். கமராவும் ஓடித் திரிந்ததாம். போர் வந்தது, போனது. போருக்குப் பிறகு எடுத்த படமெல்லாம் ஒரே கதை: ஒரு வீடு, ஒரு தகப்பன் அல்லது தாய், வளர்ந்த பிள்ளை, ஒரு பிரிவு. நடிகரும் திரும்பத் திரும்ப அதே ஆட்கள். “அவருடைய நாட்டில் இளம் ஆட்கள் அவரைப் பழம்பஞ்சாங்கம் என்று தள்ளினார்கள்,” என்றார் புரொபெஸோரே. “வெளிநாட்டார் கொண்டாடத் தொடங்கியபோது ஆள் உயிரோடு இல்லை.” ஒரு தேநீர்க் கோப்பையை இரண்டு விரற்கடை தள்ளி வைப்பதற்கு அரைநாள் எடுப்பாராம். சங்கக்கடையில் அப்படி ஒரு ஆளை நான் ஒரு கிழமை வைத்திருக்கமாட்டேன்.

என் வேலையில் பிழைகள் நடக்காமல் இல்லை. இத்தாலியனில் குசினிக்கு ‘குச்சீனா’. மச்சாளுக்கு ‘குஜீனா’. எங்கள் நாக்குக்கு இந்த வித்தியாசம் வராது. நடுவில் வரும் எழுத்து தானாகவே மெலிந்துவிடும். வெறும் குசினி திரையில் வரும்போதெல்லாம் நான் ‘மச்சாள் வெறுமையாக இருக்கிறாள்’ என்று அறிவித்துக்கொண்டிருந்தேன். மூன்று கிழமை கழித்துத்தான் அவர் தயக்கத்தோடு கேட்டார்: “சிவா, எல்லா வீட்டிலும் வருகிற இந்த மச்சாள் யார்?” அதற்குள் அவளைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டாராம். நல்ல அரைப் பக்கம், வெட்ட மனம் வரவில்லை என்றார்.

4

மச்சாளை வெட்டலாம். வெட்டமுடியாத பிழையும் ஒன்றை நான் செய்தேன்.

புரொபெஸோரேக்கு யப்பான் மொழி தெரியாது. வீடியோ கசற்றுகளில் படத்தின் கீழே இத்தாலியனில் எழுத்து ஓடும். அதை வாசித்துச் சொல்லவேண்டியதும் நான். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன். முதல் சொல்லைப் பிடித்து இரண்டாவது சொல்லுக்குப் போவதற்குள் முழு வரியும் மறைந்து அடுத்த வரி வந்துவிடும். முதலில் கசற்றை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்த மனிதர் மௌனத்தை அளந்து அளந்து வைத்திருக்கிறார். நீ அதற்கு நடுவில் பொத்தானை அமுக்குகிறாய்!”

ஆகவே நிறுத்துவதை நிறுத்தினேன். முதல் சொல்லை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நானே முடித்தேன். வீட்டில் ஒரு தகப்பன் என்ன கதைப்பான் என்று எனக்குத் தெரியாதா?

ஒரு படம். துறைமுக ஊர் ஒன்று. கப்பல் கொம்பனிக் கந்தோரில் வேலை செய்யும் தகப்பன், மனைவி இல்லை. ஒரே மகள், தொலைபேசி நிலையத்தில் வேலை. அவளுக்கு வடக்கே குளிர் நகரம் ஒன்றில் வேலை வருகிறது. ஒரு பின்னேரம் அறுந்த சூட்கேஸ் வாரைத் தகப்பன் இருந்து தைக்கிறார். மகள் பக்கத்தில் இருக்கிறாள். நாலு நிமிடம். இருவரும் மாறி மாறி எங்களைப் பார்த்துக் கதைக்கிறார்கள்.

அந்த நாலு நிமிடத்துக்கு நான் எழுதிய வசனம் இது. தகப்பன்: “நீ போனால் எனக்கு யார் சோறு போடுவது? உன் அம்மா இருந்தால் விடுவாளா?” மகள்: “நான் போகவில்லை அப்பா. உங்களோடுதான் இருப்பேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த காட்சியில் ரயில். மகள் யன்னல் கரையில். நான் பதறாமல், அவள் மாமி வீட்டுக்கு இரண்டு நாள் போகிறாள் என்றேன். பிறகு மகளின் அறை வெறுமையாக வந்தது. சந்தைக்குப் போயிருக்கிறாள் என்றேன். கடைசியில் தகப்பன் தனியே இருந்து வெகுநேரம் தேநீர் குடித்தார். “பிள்ளை இன்னும் சந்தையால் வரவில்லை,” என்று சொல்லி முடித்தேன்.

புரொபெஸோரே முகம் மலர்ந்துவிட்டது. “ஆம், ஆம்! திரும்பி வருவாள். எனக்கு நினைவிருக்கிறது,” என்றார். அவர் இளவயதில் பார்த்த படம் அதுதான், கட்டுரை எழுதியதும் அதைப் பற்றித்தான். பார்த்தவரே சரி என்றால் நான் ஏன் மறுக்கவேண்டும்? புத்தகத்தின் நடு அத்தியாயம் அன்றைக்கே தொடங்கியது. தலைப்பு: தங்கிவிட்ட மகள்.

5

என் மகள் கௌசி ஒன்பது வயதில் இங்கே வந்தாள். போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக்குக் கீழே சந்தை. அவளுடைய இத்தாலியன் மீன் விற்கிறவர்களின் இத்தாலியன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என் பிள்ளை என்று சொல்லமாட்டேன். எங்களோடு தமிழ் கதைப்பாள், எழுதத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மூன்று மாதம் போனாள். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறாள், வாத்தியார் அடுத்த கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், அதோடு வகுப்பு முடிந்தது.

பதினேழு வயதில் அவளுக்கு கொம்பியூட்டரில் தட்டத் தெரிந்திருந்தது. புரொபெஸோரே சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் தேவைப்பட்டது. சனிக்கிழமை காலையில் வந்து தட்டிக் கொடுத்தாள். பிறகு தானாகவே இருந்து கசற்றுகளைப் பார்க்கத் தொடங்கினாள். அவருடைய அலுமாரியிலிருந்து யப்பான் எழுத்துப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து எங்கள் குசினி மேசையில் பார்த்து எழுதினாள். தூரத்தில் நின்று பார்த்த என் மனைவி ரதி, பிள்ளை தமிழ் எழுதிப் பழகுகிறாள் என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாள்.

பள்ளிக்கூடம் முடிகிற வருடம் ஒரு மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள்.

“நான் வெனிஸுக்குப் போறன். யூனிவர்சிட்டிக்கு எழுதிப்போட்டன். யப்பான் பாஷை படிக்க.”

ஜெர்மனியில் இருந்து வந்த ஒரு சம்பந்தத்தைப் பற்றிக் கதைக்க ரதி நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது.

“யப்பான் பாஷை படிச்சு ஆரோடை கதைக்கப்போறாய்?” என்றேன்.

“இத்தாலியன் படிச்சு நீங்கள் ஆரோடை கதைக்கிறியள்?”

“வாயைப் பார்.” இது ரதி.

“தமிழ் ஒரு வரி எழுதத் தெரியாது. அதைப் படியன் முதல்,” என்றேன்.

“தமிழ் படிக்கிறதுக்கு இஞ்சை யூனிவர்சிட்டி இல்லையே அப்பா. இருந்தாப் போயிருப்பன்.” நக்கலா உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். நேரே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போக விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு கிழமை வீட்டில் கதைபேச்சு இல்லை. அடுத்த சனிக்கிழமை அவள் தட்டவேண்டியிருந்தது நடு அத்தியாயம். தட்டிவிட்டு, படத்தையும் பார்த்திருக்கிறாள். நான் புரொபெஸோரே வீட்டுக் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். வந்து கதவைச் சாத்தினாள்.

“அப்பா, நீங்கள் இந்தப் படத்தை முடியுமட்டும் பாத்தனீங்களோ?”

“ஓம். ஏன்?”

“அந்தப் பிள்ளை சந்தைக்குப் போகேல்லை. போயிட்டாள். திரும்பி வரவே மாட்டாள்.”

எண்ணெய் சத்தம் போட்டது.

“நீங்கள் சொன்ன ஒண்டும் கீழை எழுத்திலை இல்லை. ‘ஆர் சோறு போடுறது’ எண்டு அந்த மனிசன் கேக்கவே இல்லை. அது நீங்கள்.”

“சத்தம் போடாதை.”

“இதை வைச்சு அவர் முப்பது பக்கம் எழுதியிருக்கிறார். நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?”

6

சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதித் தாள், அந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். வேலை தருகிறவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் கிட்டவும் எடுக்கமாட்டார்கள். கௌசிக்கும் பதினெட்டு முடிந்துவிட்டது. அவளுடைய தாள் என்னுடைய தாளில் தொங்கிக்கொண்டிருந்தது. புரொபெஸோரே கோபத்தில் என்னை நிறுத்தினால் மூன்று பேரும் விழுவோம்.

ரதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

“முதல்லை கையெழுத்தை வாங்குங்கோ. பிறகு உண்மையைச் சொல்லுங்கோ.”

அப்படியே செய்தேன். திங்கட்கிழமை காலை கடிதத்தை வைத்தேன். கோடு எங்கே இருக்கிறது என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன். போட்டார். கடிதத்தை மடித்து என் பைக்குள் வைத்து, பையைக் கதவடியில் வைத்துவிட்டு, திரும்பி வந்து முன்னால் நின்று சொன்னேன். எழுத்து ஓடும் வேகத்தை, மாமி வீட்டை, சந்தையை, எல்லாவற்றையும்.

அவர் கையெழுத்துப் போட்ட பேனாவை மேசையில் தடவி எடுத்து மூடினார். பிறகு, “கையெழுத்துக்கு முன்பா யோசித்தாய், பின்பா?” என்றார்.

“முன்பு யோசித்தேன், புரொபெஸோரே. பின்பு சொன்னேன்.”

“நன்று. நீ இத்தாலியன் ஆகிவிட்டாய்.”

சிரிக்கவில்லை. எழும்பி யன்னலடிக்குப் போனார்.

“வார் தைக்கிற காட்சி. அது உண்மையிலேயே ரயிலுக்கு முன்பா, பின்பா?”

“முன்பு.”

“நிச்சயமாக?”

“நிச்சயம். தைத்த பெட்டியோடுதான் போகிறாள்.”

அவர் யன்னல் கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்ன விஷயம்தான் நான் உங்களுக்குச் சொல்லக்கூடாத விஷயம்.

அந்தப் படத்தை அவர் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. ஒரு தேவாலய மண்டபத்தில், இளைஞர் கழகம் போட்ட படம். ஓட்டியவர் இரண்டு ரீலை மாறிப் போட்டுவிட்டார். ஆகவே மகள் முதலில் ரயிலில் போனாள். பிறகு வீட்டில் இருந்தாள். தகப்பன் அவளுடைய பெட்டியைத் தைத்தார். அதைப் பார்த்துவிட்டு, இந்த இயக்குநரின் உலகத்தில் பிரிவு என்பது முடிவல்ல, காலம் வட்டமாகச் சுற்றுகிறது, போன மகள் திரும்பிவருகிறாள் என்று எழுதினார். இத்தாலியின் வடக்கில் இருந்த பெரிய ஆட்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். சில வருடம் கழித்து ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் அந்தப் படத்தின் கதைச் சுருக்கத்தை வாசித்தார்.

“அதற்குப் பிறகு அந்தப் படம் எங்கே ஓடினாலும் எனக்குக் காய்ச்சல் வந்தது,” என்றார். “பார்க்கப் போகவே இல்லை. கண் போன பிறகுதான் கசற்றை வாங்கத் துணிவு வந்தது. நீ சொல்லச் சொல்ல, நான் எழுதியதுபோலவே இருந்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகு எனக்கு ஒரு சாட்சி!”

“அவள் கடைசியில் வீட்டில் இல்லையே. அதற்கு நீங்கள் என்ன எழுதினீர்கள்?”

“வேலைக்குப் போயிருக்கிறாள் என்று எழுதினேன். நீ சந்தைக்கு அனுப்பினாய்.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்தார். என்னை நிறுத்தப்போகிறார் என்று நினைத்து, கையெழுத்துப் போட்ட கடிதம் எத்தனை மாதம் செல்லும் என்று எங்கள் ஆட்கள் இரண்டு பேரிடம் விசாரித்தும் வைத்தேன். மூன்றாம் நாள் கோப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: “சனிக்கிழமை மகளைக் கூட்டி வா. அவள் வாசிக்கட்டும். நீயும் இரு. வாயைத் திறக்காதே.”

7

வாயைத் திறக்காமல் ஒரு படத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கௌசி இத்தாலியனில் வாசித்தாள். வார் தைக்கும் காட்சி வந்தது. நாலு நிமிடம். அந்த யப்பான் தகப்பன் என்ன சொன்னார் என்று எழுதுகிறேன்.

“இந்த வார் இன்னும் பத்து வருடம் தாங்கும்.”

“ம்.”

“அங்கே குளிராமே.”

“அப்படித்தான் சொல்கிறார்கள்.”

“பூட்டைப் பார். சரியாக விழுகிறதா?”

“விழுகிறது, அப்பா.”

அவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்க ஊசி போய் வந்தது. நான் அந்த மனிதரின் வாயில் எவ்வளவு திணித்திருந்தேன்! செத்த மனைவியைக் கூட எழுப்பிக் கொண்டுவந்திருந்தேன். புரொபெஸோரே ஓரக்கண்ணால் திரையைப் பார்க்க முயன்று தலையைப் பக்கவாட்டில் திருப்பியபடி இருந்தார். படம் முடிந்த பிறகு, “முப்பது பக்கத்தையும் அழித்துவிடு,” என்றார் கௌசியிடம்.

புது அத்தியாயம் எழுத ஏழு மாதம் எடுத்தது. பழைய கட்டுரையைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு மட்டும் போட்டிருக்கிறார்: ‘அது முழுமையற்ற ஒரு பார்வையை அடிப்படையாகக் கொண்டது.’ பொய் என்று ஒருவரும் சொல்லமுடியாது.

8

கௌசியைப் போக விட எப்படிச் சம்மதித்தாய் என்று ஊரில் மைத்துனர் கேட்டு எழுதியிருந்தார். படத்தைப் பார்த்து மனம் மாறிவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் குவெஸ்தூரா வரிசைதான் என்னை மாற்றியது.

குடும்பத்தோடு இருக்கும் தாளைப் படிப்பதற்கான தாளாக மாற்றவேண்டும். அதற்கு அவளுடைய பிறப்புச் சான்றிதழ் வேண்டும். போருக்குள் ஊர்க் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எடுத்து, கொழும்பில் முத்திரை குத்தி, இங்கே மொழிபெயர்த்து, அதிலும் ஒரு முத்திரை. சும்மா எடுத்து வைப்போம், தாள் கையில் இருந்தால் நல்லதுதானே என்றுதான் தொடங்கினேன். இரண்டு விடியற்காலை அவளோடு வரிசையில் நின்றேன். இரண்டாம் நாள் யன்னலுக்கு முன்னால் போனோம். அதிகாரி தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“என்ன படிக்கப்போகிறாய்?”

“யப்பான் மொழி.”

“நீ யப்பான்காரியா?”

“போர்கோ வெக்கியோ,” என்றாள். தொடர்ந்து சிசிலியனில் ஏதோ சொன்னாள். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தான், வரிசை முழுக்கச் சிரித்தது, முத்திரை விழுந்தது. எனக்கு மட்டும் விளங்கவில்லை. வெளியில் வந்து என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“சும்மா, அப்பா. தமிழிலை சொன்னாச் சிரிப்பு வராது.”

அவ்வளவு பாடுபட்டு வாங்கிய தாளை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. போ என்று ஒரு நாளும் சொல்லவில்லை. போகாதே என்று சொல்வதை விட்டுவிட்டேன். எல்லாரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

செப்தெம்பரில் ஒரு பின்னேரம் கௌசியை நேப்பிள்ஸ் கப்பலில் ஏற்றப் போனோம், அங்கிருந்து ரயில். துறைமுகத்தில் லொறிகள் உறுமிக்கொண்டு கப்பலின் வயிற்றுக்குள் ஏறின. ரதி புட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், கொடுக்க மறந்து.

“அங்கை குளிராம்,” என்றேன்.

“ஓம் அப்பா.”

“கோட்டு வைச்சனியோ?”

“வைச்சனான்.”

ரதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணைக் காட்டினேன். பேசாமல் நின்றாள். கௌசி பொட்டலத்தை அவள் கையிலிருந்து தானாகவே வாங்கிக்கொண்டு ஏறினாள். மேல்தட்டில் வந்து நின்று கை காட்டினாள். நான் ஒரு முறை தலையை அசைத்தேன். அழவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, ஒரு சொல் கூடுதலாகச் சொல்லாமல் நின்றேன் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அந்த இயக்குநர் பார்த்திருந்தால் என்னை ஒரே தடவையில் படம் பிடித்திருப்பார்.

9

புத்தகம் வந்ததற்காகப் புரொபெஸோரே ஞாயிற்றுக்கிழமை சிலரை வீட்டுக்குக் கூப்பிட்டார். பழைய மாணவர்கள் நாலைந்து பேர். ரதியும் வரவேண்டும் என்றார். அவள் இத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்குள் போனதில்லை, அந்தப் படங்களில் ஒன்றையும் பார்த்ததில்லை. “ஆக்கள் இருந்து சாப்பிடுறதை நான் வீட்டிலை பாக்கிறன்தானே,” என்பாள். அன்றைக்குச் சேலை உடுத்து வந்தாள். பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்தாள்.

புரொபெஸோரே அந்தப் படத்தைத்தான் போட்டார்.

ரதிக்கு யப்பான் மொழி தெரியாது, இத்தாலிய எழுத்தும் வாசிக்க வராது. நான் மெல்ல மொழிபெயர்க்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வார் தைக்கும் காட்சியில் முன்னுக்குச் சாய்ந்தாள். கடைசியில் அந்த மனிதர் தனியே தேநீர் குடித்தார். முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளிச்சம் போட்டார்கள். எல்லாரும் எவ்வளவு அடக்கம், எவ்வளவு நாகரிகம் என்று கதைத்தார்கள்.

ரதி திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“இவ்வளவு நேரமும் ஒருத்தர்கூட அந்தப் பிள்ளையைப் போகாதை எண்டு சொல்லேல்லை.”

“ரதி...”

“போறவள் போகத்தான் போறாள். அது எனக்குத் தெரியும். ஆனா ஒருக்காச் சொல்லியிருக்கலாம். தன்னை வேணும் எண்டு கேட்டவை எண்டாவது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பழைய மாணவர்கள் மரியாதையோடு காத்திருந்தார்கள். புரொபெஸோரே குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் அவளைத் தேடினார்.

“சிஞ்ஞோரா என்ன சொன்னார், சிவா? அப்படியே சொல். ஒரு சொல்லும் விடாமல்.”

சொல்லுக்குச் சொல் எனக்கு இத்தாலியனில் தெரிந்திருந்தது. வினைச்சொல்லின் வால் கூட அன்றைக்குச் சரியாக வந்திருக்கும்.

“படம் நல்லாயிருக்காம், புரொபெஸோரே,” என்றேன்.